அம்மம்மா சொன்ன ராசம்மா

முள்ளியவளையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். வெசாக் நாளன்று வீதியோரத் தோரணத்தில் ஒரு பழைய சிங்களப் பாட்டு போனதாம். அதைக் கேட்டதும் அம்மம்மா, "உது பாடுறது எங்கட ராசம்மா எல்லோ. சிங்களப் படத்தில முதல் கதாநாயகியே தமிழ்ப் பொம்பிளைதான்" என்றாராம். இணையத்தில் தேடினால் ருக்மணி தேவி என்ற பெயர்தான் வருகிறதாம். அம்மம்மா சொல்வது உண்மையா, உண்மை என்றால் இவ்வளவு நாளும் ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தக் குரல் யாருடையது? அவர் உண்மையிலேயே முதல் கதாநாயகியா? அவரை "எங்கட" என்று சொல்லலாமா? முதல் கேள்வியில் அம்மம்மா சொன்னது முற்றிலும் சரி. இரண்டாவதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. மூன்றாவதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று நிதானமாகக் கதைக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சினிமா படித்தவன் இல்லை. றேடியோவும் கிராமபோனும் திருத்துகிறவன். 1977இல் கொழும்பு மருதானையில் ஒரு திருத்தும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினேன். 83 இனக்கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறை வந்து, பிறகு கிளிநொச்சியில் ஒரு பெட்டிக்கடை அளவில் சொந்தமாகக் கடை போட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பழைய குரல்களோடுதான் என் காலம் போகிறது. என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். பாட்டின் பொருள் விளங்கும், கவிதை நயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வராது. குரலைப் பற்றியும் இசைத்தட்டைப் பற்றியும் என்றால் தயங்காமல் சொல்வேன்.

அவருடைய பிறப்புப் பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஜோன் டானியல்ஸ், தாயார் ஹெலன் ரோஸ். கிறிஸ்தவக் குடும்பம். வளர்ந்தது கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம். எங்கள் ஊரில் சிலர் அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். ராசம்மா என்ற பெயரைக் கேட்டதும் மனசு தானாக வடக்கே போய்விடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கதையை நம்ப வேண்டாம். றம்பொடை என்பதில் சந்தேகம் இல்லை.

பள்ளிக்கூட வயதிலேயே மேடை ஏறிவிட்டார். இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தபோது பன்னிரண்டு வயது என்பார்கள். வயதில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், சின்னப் பிள்ளை என்பது நிச்சயம். ஆனால் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது நாடகமும் இல்லை, சினிமாவும் இல்லை. இசைத்தட்டு. 1930களின் கடைசியில், பதினைந்து பதினாறு வயதில், எச். டபிள்யூ. ரூபசிங்க என்ற பாடகரோடு சேர்ந்து எச்.எம்.வி. தட்டில் ஒரு பாட்டுப் பாடினார். "சிறி புத்தகயா விகாரே" என்று தொடங்கும். புத்தகயா விகாரையைப் புகழும் பாட்டு. உங்கள் அம்மம்மா தோரணத்தில் கேட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வெசாக் என்றால் இந்தப் பாட்டு இல்லாமல் முடியாது. எண்பது வருடத்துக்கு மேலாகியும் அப்படித்தான். பௌத்தர்களின் பெருநாளில் ஊரெல்லாம் ஒலிக்கிற பாட்டைப் பாடியது ஒரு கிறிஸ்தவத் தமிழ்ப் பிள்ளை என்பதை முதன்முதல் என் முதலாளி சொன்னபோது நான் நம்பவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் ஏதோ எழுதியிருக்கும் என்பதுபோல.

அந்தக் காலத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் குரலின் பெறுமதி விளங்கும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அரக்குச் சேர்த்துச் செய்த தட்டு, கை தவறினால் அப்பளம். உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஊசி தட்டைத் தின்னும். பாடுகிறவருக்கு வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. தொடங்கினால் முடிக்க வேண்டும், பிழைத்தால் முதலில் இருந்து. வாத்தியக்காரர் எல்லாரும் அதே அறையில், அதே நேரத்தில். அப்படிப்பட்ட இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை தடுமாறாமல், மூச்சு வாங்குவது தெரியாமல் பாடியிருக்கிறது. தேய்ந்த தட்டுகளை எத்தனையோ தரம் போட்டுக் கேட்டிருக்கிறேன். இரைச்சலுக்குள்ளே வாத்தியங்கள் கரைந்து போயிருக்கும், அவருடைய குரல் மட்டும் மேலே நிற்கும்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் மேடையைத்தான் காட்டுவேன். முள்ளியவளைப் பிள்ளைக்குக் கோவலன் கூத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடிய விடிய ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிறவர்கள் குரலைத் தொண்டையில் வைத்திருக்க மாட்டார்கள், வயிற்றிலிருந்து எடுத்துக் கடைசிப் பாயில் இருக்கிறவனுக்கு எறிவார்கள். சிங்கள மேடைக்கும் அதே மூலம் ஒன்று உண்டு. அவர்களுடைய நாடகம என்ற பாட்டுக்கூத்து, தமிழ்த் தெருக்கூத்தும் கத்தோலிக்க நாட்டுக்கூத்தும் போட்ட விதையில் முளைத்தது. இதை அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வட இந்தியப் பார்சி நாடகக் கம்பனிகளைப் பார்த்து நூர்த்தி என்ற வகை வந்தது. 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தார்கள். நான் வேலை பழகிய கடையில் இருந்து நடந்துபோகிற தூரம். ருக்மணி தேவி மேடைக்கு வந்தபோது அந்த நூர்த்தி அலை ஓய்ந்துகொண்டிருந்தது. ஆனால் குரல் எறிகிற பழக்கம் போகவில்லை.

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்ததுதான் வாழ்க்கையின் திருப்பம். டெய்சி என்ற பெயர் போய் ருக்மணி தேவி என்ற பெயர் நிலைத்தது. ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்ன அந்தக் குழுவின் நகைச்சுவை நடிகர். இருவருக்கும் மனசு ஒத்துப்போய் 1943இல் கலியாணம் முடித்தார்கள். இந்தக் கலியாணத்தைப் பற்றி வீட்டை விட்டு ஓடினார், தகப்பன் துரத்தினார் என்று பல கதைகள் உலாவுகின்றன. நடிகைகளின் கலியாணக் கதை எந்த நாட்டிலும் சொல்லச் சொல்ல வளரும். ஆண்டும், அதன் பிறகு அவர் நீர்கொழும்புக்காரியாகவே வாழ்ந்து முடித்தார் என்பதும் போதும்.

மினர்வாவின் பெரிய வெற்றி "கடவுனு பொரொந்துவ" என்ற நாடகம். முறிந்த வாக்குறுதி என்று பொருள். ஊர் ஊராக நடந்து பெயர் எடுத்த அந்த நாடகத்தைப் படமாக்க வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இனி வருவதைக் கவனமாகப் பாருங்கள். படம் பிடித்த இடம் மதுரை, சித்திரகலா மூவிடோன் ஸ்ரூடியோ. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. இசையமைத்தவர் நாராயண ஐயர். தயாரித்தவர் தமிழர். கதாநாயகி தமிழ்க் குடும்பத்துப் பெண். நடிகர்களையும் சிங்கள வசனத்தையும் நீர்கொழும்பு மேடையில் இருந்து கப்பலேற்றி மதுரைக்குக் கொண்டுபோய் எடுத்த படம் அது. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரைக்கு வந்தது. சரியாக ஆறு நாளைக்கு முன்னர்தான் அவருக்கு 24 வயது முடிந்திருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

இனி அந்தச் சின்னத் திருத்தம். "முதல் சிங்களப் படம்" என்றால் முதல் சிங்களப் பேசும் படம் என்று கொள்ள வேண்டும். அதற்கு முன்பே, 1925இல், இலங்கைக்காரர்கள் நடித்து "ராஜகீய விக்கிரமய" என்று ஒரு மௌனப் படம் எடுத்தார்கள். பிற்காலத்தில் நிதியமைச்சராக இருந்த என். எம். பெரேரா இளமையில் அதில் நடித்தார் என்றால் இப்போது சிரிப்பாக இருக்கும். அந்தப் படம் இலங்கையில் ஓடாமலே அழிந்துபோனது. ஆகவே பேசிய, பாடிய முதல் கதாநாயகி என்று சொன்னால் அம்மம்மாவை ஒருவரும் மடக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. "அசோகமாலா" என்ற படமும் அதே நேரத்தில் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்ரூடியோவில் எடுபட்டுக்கொண்டிருந்தது. அது ஏப்ரலில் வந்து இரண்டாவது ஆயிற்று. இரண்டு மூன்று மாத வித்தியாசம். கோயம்புத்தூர்க்காரர் முந்தியிருந்தால் அம்மம்மா இன்று வேறொரு பெயரைச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் அவருக்கு நிகர் அவர்தான். "கபட்டி ஆரக்ஷகயா" 1948இல், "ஹதிசி வினிச்சய" 1950இல் என்று ஜயமான்ன குடும்பத்தின் படங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் மேடை நாடகங்கள், அதே நடிகர்கள், அதே அழுகை, இடையில் எடியின் பகிடி. உண்மையைச் சொன்னால் அந்தக் காலப் படங்களைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கமெராவை ஓரிடத்தில் நட்டுவிட்டு அதற்கு முன்னால் நாடகம் போட்டதுபோல இருக்கும். முகத்துக்கு இரண்டு முழத்தில் கமெரா நிற்க, அவர் கடைசி வாங்கில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல வசனம் பேசுவார். நல்ல நடிகையா என்று கேட்டால், மேடையில் பெரிய நடிகையாக இருந்திருப்பார், சினிமாவில் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பேன். பாட்டு வந்ததும் எல்லாம் மாறிவிடும். முகம் அடங்கும், கை அடங்கும், குரல் மட்டும் வேலை செய்யும். இது என் அபிப்பிராயம். அவருடைய இரசிகர்கள் சண்டைக்கு வந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன்.

தமிழ்ப் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்வதென்றால் கே. பி. சுந்தராம்பாளைச் சொல்லலாம். மேடையில் இருந்து தட்டுக்கும், தட்டில் இருந்து திரைக்கும் வந்தவர். பாட்டுக்காகவே படம் பார்க்கப் போவார்கள். பானுமதியைச் சொன்னால் இன்னும் கிட்டவாக இருக்கும், நடிப்பும் தன் குரலும் ஒன்றாக வந்த கடைசி ஆட்களில் ஒருவர் என்பதால். பின்னணிப் பாடகர் என்ற முறை வேரூன்றிய பிறகு, பாடத் தெரிந்த நடிகை தேவையில்லை என்று ஆகிவிட்டது. முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு. லதா மங்கேஷ்கரைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு மெல்லிய, உயர்ந்த குரல்தான் பெண் குரல் என்று ஆயிற்று. ருக்மணி தேவியின் குரல் அப்படியில்லை. நடுத்தரக் கனம், விரிந்த வாய், நீட்டும் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம். வயதான பிறகு வந்த நடுக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். இளமைத் தட்டிலும் அது இருக்கிறது.

1956 கடைசியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் "ரேகாவ" வந்தது. ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போய், வெயிலில், மரத்தடியில் எடுத்த படம். வசூலில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பார்த்த பிறகு மதுரைப் பாணிப் படங்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தென்னிந்தியக் குப்பை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அந்த எழுத்தில் நியாயமும் இருந்தது, கொஞ்சம் வேறு வாடையும் இருந்தது. ஆண்டைப் பாருங்கள், தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956. ருக்மணி தேவியை ஒருவரும் விரட்டவில்லை. வயதும் முப்பதைத் தாண்டியிருந்தது. புதிய முகங்கள் வந்தன, அவர் அக்காவானார், அம்மாவானார். கடைசிவரை நடித்தார். நூறு படம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதை வாய்க்கு வசதியான கணக்காகத்தான் நான் எடுப்பேன். ஒரு காட்சியில் வந்து பாடிவிட்டுப் போன படங்களையும் சேர்த்தால் அந்தப் பக்கம் போகும்.

அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எழுபதுகளில் கிற்றாரும் ட்ரம்ஸும் வைத்த இளைஞர் குழுக்கள் ஊர் ஊராக இசை நிகழ்ச்சி செய்தபோது அவர்களோடு மேடை ஏறினார். பேரப்பிள்ளை வயதுப் பொடியங்கள் மின்சாரக் கிற்றார் அடிக்க, முப்பது வருடத்துக்கு முந்திய நாடகப் பாட்டை அவர் பாட, சனம் விசிலடிக்கும். வறுமையால்தான் அப்படிப் பாடித் திரிந்தார் என்று ஒரு கதை உண்டு. பழைய நடிகை என்றால் வறுமையில் செத்தார் என்று எழுதாவிட்டால் நம்மவர்களுக்கும் சரி, அவர்களுக்கும் சரி, மனசு ஆறாது. அந்த மேடைகளில் அவரைப் பார்த்தவர்கள் எனக்குச் சொன்னது வேறு. ஒலிவாங்கியைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராதாம்.

1978 ஒக்ரோபர் 27 இரவு மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் ஒரு நிகழ்ச்சி. முடித்துக்கொண்டு இரவோடு இரவாக நீர்கொழும்புக்குத் திரும்பினார். தெற்குக் கரை முழுவதையும் தாண்டி, கொழும்பையும் கடந்து, ஏறத்தாழ 200 கிலோமீற்றர். விடியப்புறம் ஜா-எலக்குப் பக்கத்தில் துடெல்ல என்ற இடத்தில் வாகனம் விபத்துக்குள்ளானது. வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் ஓடியிருந்தால் போதும். 28ஆம் திகதி, சனிக்கிழமை, 55 வயது.

அன்று நான் மருதானைக் கடையில் இருந்தேன். தீபாவளிக்குச் சில நாள்தான் இருந்தது, ஊருக்குப் போகிற நினைப்பில் இருந்தேன். முதலாளி நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஆள். வந்தவர் கதவைத் திறக்காமல் படியில் இருந்துவிட்டார். பிறகு உள்ளே போய், திருத்தி வைத்திருந்த றேடியோக்கள் பதினொன்றையோ பன்னிரண்டையோ ஒன்றொன்றாகப் போட்டுவிட்டார். எல்லாவற்றிலும் அவருடைய பாட்டுத்தான். ஒவ்வொரு றேடியோவும் ஒவ்வொரு தரம், ஒன்று கரகரக்கும், ஒன்று மூக்கால் பாடும். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். வாடிக்கைக்காரர் ஒருவர் தன்னுடைய பெட்டியை எடுக்க வந்தார், "ஓடட்டும், நாளைக்கு எடுக்கிறேன்" என்று விட்டுவிட்டுப் போனார். நீர்கொழும்பில் நடந்த மரணச் சடங்குக்கு முதலாளி போனார். சனக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் சரசவிய விருது விழாவில் ரண திசர என்ற வாழ்நாள் விருதை அவருக்கு அறிவித்தார்கள். வாங்க ஆள் இல்லாத பிறகு. நீர்கொழும்பில் இன்று அவருக்குச் சிலையும் உண்டு.

இனி "எங்கட" என்ற சொல். அவர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தகப்பன் வழியில் கொழும்புச் செட்டி என்பதையும் பல இடத்தில் காணலாம். இங்கேதான் கவனம் தேவை. கொழும்புச் செட்டிகள் தென்னிந்தியாவில் இருந்து வந்து, கொழும்பில் நிலைத்து, கிறிஸ்தவர்களாகி, ஆங்கிலமும் தமிழும் சிங்களமும் கலந்து வாழ்ந்த சமூகம். அவர்களில் பலர் தங்களைத் தமிழர் என்று எண்ணச் சம்மதிக்க மாட்டார்கள். குடிசன மதிப்பீட்டிலும் இன்று இலங்கைச் செட்டி என்று தனியாகத்தான் எண்ணுகிறார்கள். ஆகவே ராசம்மா என்ற பெயரையும் வீட்டு மொழியையும் வைத்துத் தமிழ்ப் பெண் என்று சொல்வது பிழையில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர், வன்னித் தமிழர் என்ற அர்த்தத்தில் "எங்கட" என்றால் அது இழுத்துக் கட்டுவது. அவர் பாடியதும் நடித்ததும் சிங்களத்தில். அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதும் சிங்களச் சனம். அந்தச் சனத்தில் தமிழ்ப் பூர்வீகம் உள்ளவர்களும் நிறையப் பேர் என்பது வேறு கதை. நீர்கொழும்புக் கரையில் இன்றும் தமிழ் பேசுகிற சிங்கள மீனவரைக் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன்னர் எந்த மொழியில் ஜெபம் சொன்னார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அவர் தனியாள் என்றும் நினைக்க வேண்டாம். சிங்களப் பாட்டில் அவருக்கு ஈடாகப் பெயர் எடுத்த மொஹிதீன் பெய்க் தமிழ்நாட்டுச் சேலத்தில் பிறந்தவர். நூற்றுக்கணக்கான சிங்களப் பாட்டுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி நாகர்கோவில்காரர். நாயகம் பிறகு கந்தானையில் ஒரு ஸ்ரூடியோவே கட்டினார், அதற்கு வைத்த பெயர் சிறி முருகன் நவகலா. படத் தயாரிப்பிலும் விநியோகத்திலும் கே. குணரத்தினம் பெரும்புள்ளி. ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்ரூடியோவை 83 ஜூலையில் எரித்தார்கள். எரித்தவர்கள் தமிழனுடைய சொத்து என்று எரித்தார்கள். உள்ளே இருந்து கருகியவை சிங்களப் படச் சுருள்கள்.

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சிங்களவர்கள் மறைக்கவில்லை. அவருடைய பிறப்புப் பெயர் அவர்களுடைய புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் உள்ள விஷயம்தான், என் முதலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. கேட்காதவர்கள் நாங்கள். எங்களுக்குச் சினிமா என்றால் மதராஸ். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் திருப்பினால் காலையில் இருந்து இரவுவரை எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டு. தெரிந்த நடிகை சாவித்திரி, பத்மினி, சரோஜாதேவி. கொழும்பில் இருந்து முப்பத்தேழு கிலோமீற்றரில் இருந்த ஒருவரைவிடக் கோடம்பாக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு அயலவர். பிறகு சண்டை வந்தது. சோதனைச் சாவடி இருந்த ஓமந்தைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடுபோல ஆயிற்று.

ஆனால் வானொலிக்கு ஓமந்தையும் தெரியாது, வடக்குப் பக்கத்துச் சாவடியான முகமாலையும் தெரியாது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. கடையில் எனக்கு வேலையே சைக்கிள் டைனமோவை றேடியோவோடு பொருத்திக் கொடுப்பதுதான். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், அதை நான்கு டயோட்டுக்குள்ளால் விட்டு, பெரிய கொண்டென்சர் ஒன்று போட்டால்தான் றேடியோ உறுமாமல் பேசும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, சுற்றியிருந்து மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். ஓர் இரவு கிளிநொச்சியில் செய்திக்காக முள்ளைத் திருப்பிக்கொண்டு போகும்போது சிங்களச் சேவையில் அந்தக் குரல் அகப்பட்டது. பெடல் சுற்றிய பொடியன் களைத்துக் கை தளர, பாட்டும் மெலிந்து கரகரத்தது. மாற்றச் சொல்லி ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்து வளவுக் கிழவி, "விடு தம்பி, அது ராசம்மா" என்றா. அந்தப் பெயரை வன்னியில் ஒருவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இளந்தாரிக் காலத்தில் புருசன் அனுராதபுரத்தில் ரயில்வே வேலை பார்த்தாராம், அங்கே தியேட்டரில் அழுதழுது பார்த்தாவாம். உங்கள் அம்மம்மாவுக்கும் அப்படி ஒரு அனுராதபுரமோ கொழும்போ இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், பாட்டைவிட அந்தக் கதை பெறுமதியாக இருக்கலாம்.

என்னிடம் இருந்த அவருடைய தட்டுகள் பதினேழு. 2009இல் இடம்பெயர்ந்தபோது இரண்டு பனையோலைப் பெட்டியில் வைத்து வளவில் புதைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து தோண்டியபோது ஒன்றாவது முழுதாக இல்லை. ஆகவே இப்போது உங்களைப்போல நானும் இணையத்தில்தான் கேட்கிறேன். அதில் ஒரு எச்சரிக்கை. பழைய தட்டுகளை ஏற்றியவர்களில் பலர் வேகத்தைச் சரிபார்க்கவில்லை. சுருள் வில் தளர்ந்த கிராமபோனில் ஓடவிட்டுப் பதிந்தால் குரல் ஆண் குரலாக இறங்கும், வேகம் கூடினால் கீச்சென்று ஏறும். "சிறி புத்தகயா"வில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூடப் பாடுகிற ரூபசிங்கவின் குரலை முதலில் கவனியுங்கள். அவர் வளர்ந்த ஆம்பிளைபோலக் கேட்டால் வேகம் சரி. வாலிபம் எட்டாத பொடியன்போலக் கேட்டால் அந்தப் பதிவை விட்டு வேறு தேடுங்கள். சரியான பதிவு அகப்பட்டால் தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் போட வேண்டாம், அதில் அவருடைய கீழ்க்குரல் முழுவதும் செத்துவிடும். வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் அதில் போடுங்கள், அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி.